வளர்ப்பு ஒப்பந்தத்தில் வந்த சேவல்

தம்பிதுரை தன் வீட்டுச் சேவல்மேல் காரை ஏற்றியது, கோழிகளின் நலன் பற்றிப் பேசக் கிளம்பிய காலையில்தான்.

கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கறிக்கோழி உற்பத்தியாளர்கள் கூட்டம். அவருக்குக் கொடுத்திருந்த தலைப்பு 'கோழியின் மகிழ்ச்சியே பண்ணையின் வளர்ச்சி'. அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். பின்பக்கம் கேமரா இருந்தது. பீப் பீப் என்று சத்தமும் வந்தது. ஆனால் தன் குறுக்கே எதுவும் வரலாம் என்ற எண்ணமே அற்றுப்போய் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

பல்லடம் வட்டாரத்தில் அவர் கம்பெனிக்குப் பெயர் உண்டு. ஒரு நாள் வயதுக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். இப்படி இருநூற்றுச் சொச்சம் பண்ணைகள். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'கோழியியல் வல்லுநர்' என்று இருக்கும். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது கார்டு அச்சடித்த பிரஸ்காரர்.

வல்லுநரைப் பற்றி வெளியே தெரியாத சேதி ஒன்று உண்டு. அவர் பிராய்லர் சாப்பிட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, மனைவி செல்லாத்தாள் வளர்க்கும் சிறுவிடை நாட்டுக்கோழிகள்தான் அவர் நாக்குக்குத் தெரிந்த கோழி. ஓட்டலில் நாட்டுக்கோழி கேட்கவும் முடியாது. பல்லடத்தில் அவரைத் தெரியாத சர்வர் கிடையாது. கேட்ட மறுநாள் இருநூற்றுச் சொச்சம் பண்ணைக்கும் சேதி போய்விடும்.

அன்று பொழுது சாய்ந்ததும் பொன்னாடையும் கேடயமுமாகத் திரும்பி வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க நிறத்தில் ஒரு கோழி நின்றிருந்தது. செல்லாத்தாள் அதை வாங்கி டிவி பக்கத்தில் வைத்தாள். செத்த சேவலை முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தாள். இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள்.

முதல் துண்டை வாயில் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பல்லுக்கு வேலையே இல்லை.

"ஏன் செல்லா, இது என்ன கோழி?"

"நம்ம கம்பெனி கோழிங். நல்லாப் போட்டுச் சாப்புடுங்க."

"வெளையாடறியா?"

"கோழி சந்தோசமா இருந்தாத்தான் பண்ணை நல்லா இருக்கும்னு பேசிப்போட்டு வந்தீங்களாமா. உங்க சூப்பர்வைசர் திருமூர்த்தி போன்ல வீடியோ அனுப்பிச்சாரு. எல்லாருங் கை தட்டுனாங்களே." குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "இருக்கறது ஒம்பது பெட்டைங். சேவல் இல்லாம அதுக போடற முட்டை குஞ்சாவாது. குஞ்சு இல்லீன்னா ரெண்டு வருசத்துல வாசல் காலி. அதனால இதுல ஒண்ணக்கூட இனிச் சட்டிக்கு எடுக்க மாட்டேன். முட்டையுங் கிடையாது. ஒரு சேவல் வந்து, இதுகளோட ஒண்ணாச் சேந்து, குஞ்சு பொரிச்சு என்ற கண்ணுல காட்டற வரைக்கும் உங்களுக்கு இந்தக் கோழிதானுங். வாரத்துக்கு நாலு நாள் ஆக்கறேன்."

கொங்கு நாட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்' கூடும். முப்பது வருட இல்லறத்தில் இவ்வளவு 'ங்'கை அவர் ஒரே சமயத்தில் கேட்டதில்லை.

"ஒரு வாரம்!" என்றார் தம்பிதுரை. "ஒரே வாரத்துல சேத்திக் காட்டறேன். பத்து லச்சம் கோழி வெச்சிருக்கறவனுக்கு ஒம்பது ஒரு பெரிய விசயமா?"

"சரிங்," என்றாள் செல்லாத்தாள்.

*

வெள்ளகோவில் பக்கம் ஒருவரிடம் அருமையான பெருவிடைச் சேவல் இருப்பதாகத் தகவல் வந்தது. திருமூர்த்தி போய்க் காரின் பின்சீட்டில் ஏசி போட்டு அழைத்து வந்தார். திருமூர்த்திக்கு நாற்பத்தைந்து வயது. "ஆமாங்கய்யா" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் உத்தியோகம் பார்த்தவர்.

சேவல் நாலு கிலோவுக்கு மேல் இருந்தது. கொக்கு வெள்ளை உடம்பு, இரும்புக் குழாய் மாதிரி கால். தம்பிதுரைக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தானே சேவலாகப் பிறந்திருந்தால் இப்படித்தான் நின்றிருப்போம் என்று தோன்றியிருக்க வேண்டும். 'சேர்மன்' என்று பெயர் வைத்தார்.

மற்றதெல்லாம் கம்பெனி முறைப்படி நடந்தது. பின்வாசலில் கால் நனைத்து வரக் கிருமிநாசினித் தொட்டி வைக்கப்பட்டது. அதைத் தாண்டித்தான் செல்லாத்தாளும் துணி காயப்போடப் போகவேண்டும் என்று உத்தரவு. சேர்மனுக்குத் தடுப்பூசி, எடை, சார்ட். கோழிகளையும் எடைவாரியாகப் பிரித்து நிறுத்தச் சொன்னார். திருமூர்த்தி ஒரு மணி நேரம் துரத்தி இரண்டைப் பிடித்தார். பிறகு நல்ல நேரம் பார்த்து, காலை ஒன்பதே காலுக்கு, தம்பிதுரை தன் கையாலேயே சேவலைப் பின்வாசல் முற்றத்தின் நடுவில் இறக்கிவிட்டு, நான்கு அடி பின்னால் வந்து நின்றார். கைதட்ட வேண்டுமோ என்று திருமூர்த்திக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அந்த ஒன்பதுக்கும் தலைவி மூக்குத்தி என்ற கரும்பெட்டை. அலகோரம் வெள்ளைப் புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். பழைய சேவல் போனபிறகு வாசல் அவள் பொறுப்பில் இருந்தது. அவள் நேராக நடந்து வந்தாள். சேர்மனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எகிறிக் கொண்டையிலேயே ஒரு கொத்து வைத்தாள்.

சேர்மனுக்கு இது புதிது. குஞ்சிலிருந்தே காலில் கயிறோடு தனியே நின்று, பாதாமும் முட்டையும் தின்று, பந்தயத்துக்காக வளர்ந்த உடம்பு அது. எதிரே வருவது எதுவானாலும் சண்டைக்கு வருவது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அடுத்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பெட்டைகள் தண்ணீர்த் தொட்டி மேல், மூன்று முருங்கையில், ஒன்று காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம். குட்டைக்காலி என்ற சிவப்புப் பெட்டைக்கு முதுகுத் தோல் கிழிந்துவிட்டது. வாசல் காலியானதும் சேர்மன் தீவனத் தட்டில் கால் வைத்து ஏறி நின்று, அத்தனையையும் தானே தின்றது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்," என்றார் தம்பிதுரை.

"ஆமாங்கய்யா," என்றார் திருமூர்த்தி, முருங்கை மரத்தைப் பார்த்தபடி.

ஒரு வாரம் விடவில்லை. கோழிகளின் மனம் தெளிய வேண்டும் என்று ராத்திரியெல்லாம் பல்ப் எரியவிட்டார். பண்ணையில் அதுதான் வழக்கம். கோழிகள் தூக்கம் கெட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. தீவனத்தில் வைட்டமின் கலந்தார். சேர்மனுக்கு எடை கூடியது. நாலாம் நாளிலிருந்து ஒரு பெட்டையும் முட்டை போடவில்லை. வாரத்துக்கு நாலு நாள் பிராய்லர் வேறு இலைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் ரசத்தை மட்டும் ஊற்றிப் பிசைந்து எழுந்தார். இரண்டாவது வாரமும் போயிற்று.

குட்டைக்காலியின் முதுகில் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே செல்லாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நாப்பத்திரண்டு நாளுக்கு மேல இருந்த ஒரு கோழிய நீங்க தொழில்ல பாத்திருக்கீங்களா?"

அவர் சேர்மனின் எடை சார்ட்டை எடுத்துப் பார்த்தார்.

உண்மைதான். அவர் பண்ணைகளில் எல்லாக் கோழிக்கும் ஒரே நாள் பிறந்தநாள், ஒரே நாள் கடைசிநாள். ஒன்றையொன்று யாரென்று தெரிந்துகொள்ளவே நேரம் கிடையாது. இருக்கிற கூட்டத்துக்குள் புதிதாக ஒன்று வந்து சேர்வது என்ற காரியம் அவர் தொழிலில் ஒரு தடவைகூட நடந்ததில்லை. கோழி பெரிய கோழியாகும் என்பதையே அவர் ஒரு செய்தியாகத்தான் கேள்விப்பட்டிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் சேர்மன் அதே பின்சீட்டில், அதே ஏசியில் வெள்ளகோவில் போயிற்று.

ஆனால் தம்பிதுரை விடுகிற ஆள் இல்லை. பிடிவாதம்தான் அவருடைய ஒரே சொந்தச் சம்பாத்தியம். மற்றது பேங்க் கொடுத்தது. "நல்ல நாட்டுச் சேவலா ஒண்ணு பாரு திருமூர்த்தி. சிறுவிடை. கூட்டத்தோட பொழங்குனதா இருக்கோணும்."

"ஹபீபுன்னிசா அக்காகிட்ட ஒண்ணு இருக்குதுங்கய்யா. ரெண்டு வீதி தள்ளித்தான். ஆனா..."

"ஆனா என்ன?"

"அவங்க நம்ம பழைய பண்ணைங்கய்யா."

"அப்பறமென்ன, நம்ம ஆளுதான்!" என்று செருப்பை மாட்டினார்.

*

ஹபீபுன்னிசாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய ஷெட்டில் கம்பெனிக் கோழி பேட்ச் பேட்சாக ஓடியது. ஒரு வெயில் காலத்தில் போர்வெல் மோட்டார் எரிந்து, இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் எடை குறைந்தது. அந்தப் பேட்சை எடுத்துப்போன கம்பெனி அடுத்த குஞ்சு இறக்கவில்லை. "அடுத்த பேட்ச் எப்பங்க?" என்று அவள் ஆபீசுக்கு நடந்தாள். "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். எட்டு மாதம் பார்த்தார்கள். அவள் காலி ஷெட்டில் நாட்டுக்கோழி விட்டுவிட்டாள்.

தம்பிதுரைக்கு அவள் முகம் நினைவில்லை. அவளுக்கு அவருடைய கையெழுத்துகூட நினைவிருந்தது.

"வாங்கண்ணா, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

"இருக்கட்டும் அம்மணி. ஒரு சேவல் வேணும்."

அவள் காட்டிய சேவலைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கியது. துருப்பிடித்த தகரத்தின் நிறம். வாலில் இரண்டு இறகு இல்லை. இடது காலில் ஒரு விரல் குறைவு. ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். போதாததற்கு ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது, கொக் கொக் கொக்கென்று. "அதனாலதான் வக்கீல்னு கூப்புடறது," என்றாள்.

"சரி, என்ன வேணுமோ சொல்லு."

"விலைக்கில்லீங்கண்ணா. வாரத்துக்கு வேண்ணா விடறேன். பொரிக்கற குஞ்சுல பாதி எனக்கு."

ஆடு கோழியை இப்படிப் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, விடுவது ஊரில் புதிதல்ல. தம்பிதுரை பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஹபீபுன்னிசா உள்ளே போய், பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்தாள். கம்பெனியின் 'கோழி வளர்ப்பு ஒப்பந்தம்'. பதினான்கு பக்கம். 'கம்பெனி' என்று அச்சடித்திருந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடித்து 'ஹபீபுன்னிசா' என்று எழுதியிருந்தது. 'பண்ணையாளர்' என்ற இடத்தில் அவள் இப்போது, அவர் கண் முன்னாலேயே, 'தம்பிதுரை' என்று எழுத ஆரம்பித்தாள். பதினான்கு பக்கத்துக்கும் எழுதினாள். பேனா ஒரு இடத்தில் எழுதாமல் நின்றது, உதறிவிட்டு எழுதினாள்.

"இதென்ன அம்மணி, ஒரு சேவலுக்குப் போயி..."

"நீங்க எழுதுனதுதானுங்கண்ணா. நான் ஒரு எழுத்து மாத்தலை, பேர மட்டுந்தான். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. எங்ககிட்டக் குடுத்தப்ப மட்டும் படிக்க வேண்டாம்னாங்க."

அவர் படித்தார். முதல் தடவையாகப் படித்தார். எழுதியது ஆடிட்டர்; இவர் அட்டையைத்தான் பார்த்திருந்தார். கோழி எக்காலமும் கொடுத்தவருடைய சொத்து. செத்தால் பண்ணையாளர் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். கொடுத்தவர் எந்த நேரமும் முன்னறிவிப்பின்றி வந்து பார்வையிடலாம். வளர்ப்பு முறையில் பண்ணையாளர் சொந்த யோசனை எதையும் புகுத்தக்கூடாது. எந்தக் கணக்கைப் பிரித்தாலும் மிச்சம் வந்தால் அது கொடுத்தவருக்கு. நாற்பத்திரண்டாம் நாள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த பேட்ச் கொடுப்பதும் கொடுக்காததும் கொடுத்தவர் விருப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை.

"யாருய்யா இத எழுதுனது?" என்று திருமூர்த்தி பக்கம் திரும்பினார்.

பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் திருமூர்த்திக்கு "ஆமாங்கய்யா" பொருந்தி வரவில்லை.

எழுந்து போய்விடலாம்தான். வீட்டில் இலையில் என்ன இருக்கும் என்று தம்பிதுரை நினைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

*

சேவல் வந்த அன்றே ஹபீபுன்னிசா முறையைச் சொல்லிவிட்டாள். பத்து நாளைக்கு வக்கீல் கம்பிவலைக் கூண்டுக்குள். கூண்டு வாசல் நடுவில். கோழிகள் பார்க்கலாம், தொட முடியாது. காலையும் பொழுதோடும் கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கம்பு தூவவேண்டும், வலையை ஒட்டி. "தூவறது நீங்க. திருமூர்த்தியண்ணன் இல்லீங்."

"நானா?"

"பண்ணையாளர் பேருல நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

கிருமிநாசினித் தொட்டி அகற்றப்பட்டது. பல்ப் அணைந்தது. பிளாஸ்டிக் சேரைப் போட்டுத் தம்பிதுரை கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் போனைப் பார்த்தார். இரண்டாம் நாள் போனில் சார்ஜ் தீர்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து வேறு வழியில்லாமல் கோழியைப் பார்த்தார்.

வக்கீலிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கம்பு விழுந்ததும் ஓடிவரும். ஒரு மணியைக் கொத்தி எடுக்கும். தின்னாது. வலை ஓரத்தில் போட்டுவிட்டு, கொக் கொக் கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடும். யாரும் வரமாட்டார்கள். மறுபடி எடுக்கும், போடும், கூப்பிடும். மூக்குத்தி தொட்டிமேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இது ஏன் திங்காமக் கத்துது? சீக்கா?" என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டார்.

"அதுக்குப் பேரு சேவலுங்க," என்றாள் செல்லாத்தாள், சமையலறை ஜன்னலிலிருந்து.

நாலாம் நாள் மத்தியானம் முன்னறிவிப்பின்றி ஹபீபுன்னிசா வந்தாள். கையில் நோட்டு. தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி சுடுது."

"வெயில் அம்மணி. வெடியாலதான் மாத்துனேன்."

"காரணஞ் சொல்லாதீங்கண்ணா, எழுதிக்கறேன்." எழுதினாள். அவருடைய சூப்பர்வைசர்கள் பேசும் அதே ராகம். திருமூர்த்தி முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அன்றிலிருந்து மூன்று வேளை தண்ணீர் மாற்றினார் தம்பிதுரை. ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கத்திலிருந்து போன் வந்தது, இன்னொரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க. "நாப்பத்திரண்டு நாளைக்கு எங்கயும் நகர முடியாதுங்க. ஊட்ல பேட்ச் ஓடுது," என்று வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் வக்கீலுக்கு ஒரு கரையான் புற்றுக் கட்டி கிடைத்தது. தம்பிதுரையே தோட்டத்தில் தேடிக் கொண்டுவந்து போட்டது. ஒப்பந்தப்படி சொந்த யோசனை, யாரிடமும் சொல்லவில்லை. வக்கீல் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து உட்கார்ந்தது. மூக்குத்தி தொட்டியிலிருந்து இறங்கினாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவள் போல வந்தாள். வலைக்குள் அலகை விட்டு ஒரு கரையானை எடுத்து, வக்கீலைப் பார்க்காமலே விழுங்கினாள்.

"எடுத்துட்டா!" என்று தம்பிதுரை சேரிலிருந்து எழுந்துவிட்டார். கோழி அத்தனையும் சிதறி ஓடின.

"உக்காருங்க," என்றது ஜன்னல்.

பத்தாம் நாள் பொழுது சாய்ந்ததும், கோழிகள் அடையும் மூங்கில் கழியில் மூக்குத்திக்கு இரண்டு இடம் தள்ளி வக்கீலைத் தூக்கி வைத்தாள் ஹபீபுன்னிசா. "வெடியால எல்லாம் ஒண்ணா எந்திரிக்கும். கொத்திக்கும். ரத்தம் சொட்டற வரைக்கும் ஒருத்தரும் ஊடால போகக்கூடாது. போனா மறுபடியும் முதல்லருந்து பத்து நாள்."

விடியும்போது தம்பிதுரை சேரில் இருந்தார். பக்கத்தில் திருமூர்த்தி வலையோடு. வக்கீல் கூவிற்று. குரல் உடம்பைவிடப் பெரியதாக இருந்தது. இறங்கிற்று. மூக்குத்தி எதிரே வந்தாள். கழுத்து இறகு சிலிர்த்து நின்றது. கொண்டையில் ஒரு கொத்து. இன்னொன்று. வக்கீலின் கண் ஓரத்தில் சிவந்தது.

"அய்யா, புடிச்சரட்டுங்களா?" திருமூர்த்தி எழுந்தார்.

"உக்காரு!"

"ரத்தமுங்கய்யா..."

"சொட்டலை. உக்காருடா!" தம்பிதுரை சேரின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார். நாற்பது வருடத்தில் எந்தக் காரியத்திலும் அவர் கை வைக்காமல் இருந்ததில்லை. கை வைக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சேர் கிறீச்சிட்டது.

மூன்றாவது கொத்துக்கு வக்கீல் திருப்பி ஒன்று கொடுத்தது, அளவாக. பிறகு ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு அவளை அரை வட்டம் சுற்றிற்று. பிறகு சண்டையையே மறந்துவிட்டது போல முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சீய்த்தது. ஒரு கம்பு மணி. எடுத்தது. போட்டது. கொக் கொக் கொக்.

மூக்குத்தி போய் அதை எடுத்துத் தின்றாள். பின்னாலேயே குட்டைக்காலி வந்தாள். பிறகு மற்றவை.

தம்பிதுரை மூச்சு விட்டார். விரல்களைச் சேரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

*

அதற்குப் பிறகு முட்டை வர ஆரம்பித்தது. சேவல் வந்து இருபத்தொன்றாம் நாள் குட்டைக்காலி அடைக்கு உட்கார்ந்தாள். செல்லாத்தாள் பதினோரு முட்டை வைத்தாள். தம்பிதுரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். போன இருபத்தொன்றும் அடைகாக்க இருபத்தொன்றும் நாற்பத்திரண்டு. குஞ்சு வெளியே வரும் நாளும் சேவல் திரும்பிப் போகும் நாளும் ஒன்றுதான். அந்தத் தேதியை வைத்தது அவருடைய கம்பெனி. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஒரு வாரம் கழித்துச் சேமிப்பறைக் கதவைச் சாத்திவிட்டுச் செல்லாத்தாள் முட்டையைப் போன் டார்ச்சின்மேல் வைத்துக் காட்டினாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. லட்சம் முட்டை வைக்கும் மிஷினுக்கு ரிப்பன் வெட்டியவர், ஒரு முட்டையை இப்படிக் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஓடுது," என்றார் மெதுவாக.

"சத்தமாப் பேசலாமுங்க. அதுக்குக் காது இன்னும் வல்லை."

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் கவிழ்த்த மூங்கில் கொடாப்புக்குள் ஒன்பது குஞ்சு. இரண்டு முட்டை கூமுட்டை. செல்லாத்தாள் கொடாப்பைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போனாள். சட்டியில் எண்ணெய் காயும் மணம் வந்தது, வெங்காயமும் மிளகும். இரண்டு மாதத்துக்குப் பிறகு தம்பிதுரையின் இலையில் மூக்குத்தி போட்ட முட்டை, தூக்கலான மிளகோடு, ஓரம் முறுகலாக வந்து விழுந்தது.

"சாப்புடுங்க," என்றாள். பின்னால் ஒட்டியிருந்த 'ங்க' பழைய அளவுக்கு வந்திருந்தது.

அவர் ஒரு துண்டைப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பு பின்வாசல் கதவு திறந்தது. முன்னறிவிப்பின்றி ஹபீபுன்னிசா. இடுப்பில் கூடை.

தம்பிதுரை துண்டை இலையில் வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவவில்லை.

"ஒம்பதுங்களா?" அவள் கொடாப்பைப் பார்த்தாள். "பாதி போக மிச்சம் ஒண்ணு எனக்கு. அஞ்சு. தாயோட ஒரு மாசம் இருக்கட்டும், அப்பறம் நானே பொறுக்கிக்கறேன்."

"எடுத்துக்க அம்மணி. அஞ்சும் எடுத்துக்க." அவர் வக்கீலைப் பார்த்தார். அது முருங்கை மரத்தடியில் எதையோ போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூக்குத்தி அவசரமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு கோழியை இத்தனை நாள் அவர் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்ததில்லை. தொண்டையைச் செருமினார். நாற்பத்திரண்டு நாள் முடிந்த எந்தப் பண்ணையாளரும் கேட்கும் கேள்விதான். ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஆயிரம் தடவை காதில் வாங்கியிருக்கிறார். இந்தப் பக்கமிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"அடுத்த பேட்ச் எப்பங்க?"

அவர் அவளை 'ங்க' போட்டது ஜன்னலில் நின்ற செல்லாத்தாளுக்குக் கேட்டது. திருமூர்த்திக்கும் கேட்டது, அவர் சட்டென்று முருங்கை இலையை எண்ணத் தொடங்கினார்.

ஹபீபுன்னிசா நோட்டைத் திறந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. கழியைத் தடவிப் பார்த்தாள். குட்டைக்காலியின் முதுகில் புது இறகு முளைத்திருப்பதைப் பார்த்தாள்.

"பாத்துட்டுச் சொல்றோம்," என்றாள்.

சொல்லிவிட்டு, கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். கூடையோடு சேவலின் காலைக் கட்டக் கயிறு எதுவும் வரவில்லை என்பதைத் தம்பிதுரை கவனித்தார். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"ஏனுங்க, முட்டை ஆறிப்போகுதுங்க!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஆறட்டும் செல்லா," என்றார். "ஆபீசர் வந்திருக்காங்க."